லொறிக்குக் கால் பக்கம்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. புதிய நூலுக்கான டாங்கி றிஸ்வானிடம் கொடுக்கப்பட்டது.
2. அந்த டாங்கியை ஏற்றிச் செல்லும் லொறி என்னிடம் கொடுக்கப்பட்டது.
3. டாங்கிக்கு முழுப்பக்கப் படங்கள் இரண்டு வரையப்பட்டன. லொறிக்குக் கால் பக்கம். அதிலும் பாதியை லொறியின் முதுகில் இருந்த டாங்கி எடுத்துக்கொண்டது.
4. விளையாடிப் பார்க்க வந்தவர்கள் ஒருவரும் லொறியைத் தேடவில்லை.
5. நான் லொறிக்குத் துப்பாக்கி பூட்டினேன். தேடினார்கள். நிலைமை இன்னும் மோசமானது.
6. லொறி அத்தியாயத்தை நூலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள்.
7. எடுக்கவில்லை.

ஏழாவதுக்குக் காரணம் நான்தான் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதியை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். திங்கட்கிழமை முதல் உங்களில் ஒருவர் இருக்கப்போகும் கதிரையில் இதுவரை இருந்தவள் நான். முப்பது வயதில் ஓய்வு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் லொறிகளிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்பதுதான் உண்மை.

என்ன வேலை என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். என் அம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தைத் தருகிறேன், வேண்டுமானால் பயன்படுத்துங்கள். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்த ஆள் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். அந்தக் கதைக்குள் வரும் வாகனங்கள் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே புதையும், யாருக்கு உதவும் என்று எழுதி நூலாக்குவது எங்கள் வேலை. நூலை வெளியிடுவது கடல் கடந்த ஒரு பதிப்பகம். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீ படிச்ச மோட்டர் படிப்பு எதுக்குகா?" என்றார். அதுவும் இதற்குள்தான் போகிறது என்றேன். நம்பவில்லை.

நூலில் வரும் நாடு கற்பனை. கொடி இல்லை, படைக்குப் பெயர் இல்லை. போர் முடிந்து நெடுநாளான பிறகு கைவிடப்பட்டுக் கிடக்கும் வாகனங்களை ஆட்கள் எடுத்துத் தங்கள் தேவைக்கு ஓட்டுகிறார்கள். இப்படித்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் பதிப்பாசிரியரின் விதி. அவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுகிறோம். எங்கள் மேசைக்கு வருபவர்களின் தாய் தகப்பன்மார் டாங்கியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் அல்லர். இந்த விதியை மட்டும் தளர்த்தச் சொல்லி அக்காவிடம் போகாதீர்கள்.

இனி றிஸ்வான். காத்தான்குடிக்காரர். கட்டாரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் சில காலம் நின்றுவிட்டு வந்தவர். சுழல்விசை என்றால் என்னவென்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. தன் டாங்கிக்கு அவர் எழுதிய முதல் வரி இது: 'இது வருகிற சத்தம் கேட்டால் நாய்கள் குரைப்பதை நிறுத்தும்.'

நான் அச்சுச் சுமை, ரயர்க் காற்று, இழுவைக் கம்பியின் தடிப்பு என்று அளந்து அளந்து எழுதிய பக்கத்தை ஆட்கள் வாசித்து, நல்லம் என்று சொல்லி, மேசையில் வைத்துவிடுவார்கள். நாய் குரைக்காததை எந்த அலகில் அளப்பது? ஆனால் அந்த வரியை வாசித்த எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எனக்குப் பொறாமை. அதற்கு வேறு சொல் தேடி நேரம் வீணாக்கவில்லை.

டாங்கி ஏற்றும் லொறி ஏன் இருக்கிறது என்பதை நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். டாங்கி தன் சங்கிலிச் சில்லில் தூரம் ஓடினால் சங்கிலி தேயும், எரிபொருள் தீரும், வீதி பாழாகும். அதனால் தேவையான இடத்துக்குக் கிட்டவரை லொறி அதைச் சுமந்து போகும். டாங்கியின் பலவீனம்தான் லொறிக்கு வேலை. நிஜ உலகில் அப்படி. றிஸ்வானின் டாங்கிக்குப் பலவீனமே இல்லை. தேயாது, தாகம் எடுக்காது. ஆகவே விளையாட வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அதை நேரே ஓட்டிக்கொண்டு போனார்கள். என் லொறி கதையின் பழைய படைமுகாமில் புல்லுக்குள் நின்றது.

அப்போது நான் செய்தது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் மட்டும் செய்யும் பிழை. லொறியை ஆட்கள் விரும்பவில்லை என்றால் லொறியைப் பலப்படுத்தினால் போதும் என்று நினைத்தேன். ஓட்டுநர் அறைக்குக் கவசம் போட்டேன். கூரையில் துப்பாக்கி. வேகத்தையும் கூட்டினேன். அந்தச் சனிக்கிழமை, எங்கள் மேசைக்கு வழமையாக வரும் ஜீவிதாவும் கூட்டமும் லொறியைக் கண்டவுடன் ஏறினார்கள். டாங்கியைத் தென்னந்தோப்புக்குள் விட்டுவிட்டு, லொறியால் எதிரியின் வாசற்கதவை இடித்தார்கள். மதிலை இடித்தார்கள். பிறகு தேவையில்லாமல் ஒரு தண்ணீர்த் தாங்கியையும் இடித்தார்கள். மகிழ்ச்சியோ மகிழ்ச்சி. கடைசிவரை ஒன்றையும் அதில் ஏற்றவில்லை.

அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு, "நீ எழுதினது லொறி இல்ல. சில்லுப் பூட்டின டாங்கி," என்றார். துப்பாக்கியைக் கழற்றினேன்.

அதற்கடுத்த வாரம் பதிப்பகம் பக்கங்களைக் குறைக்கச் சொன்னது. எதை எடுப்பது என்று அக்கா அதிகம் யோசிக்கவில்லை. யாரும் ஏறாத லொறிக்கு ஓர் அத்தியாயம் எதற்கு? நான் வாதாடினேன். அவர் ஒரு வாய்ப்புத் தந்தார். வருகிற சனிக்கிழமை விளையாட்டை நான் நடத்த வேண்டும். பதிப்பகத்தில் எங்கள் நூல்களைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் பெண், புலம்பெயர்ந்த தமிழர், மடிக்கணினி வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஒருத்தரும் சொல்லிக் குடுக்காம ஆக்கள் தாங்களா லொறியத் தேடோணும்," என்றார் அக்கா. "தேடினா இருக்கும். இல்லாட்டி எடுக்கிறதுதான்."

அந்த அத்தியாயம் போனால் நூலில் என் பெயரும் போகும். மற்ற அத்தியாயங்களில் நான் கை வைக்கவில்லை. பெயர்ப் பக்கத்தில் றிஸ்வான் இருப்பார், நான் இருக்கமாட்டேன். அந்தப் பக்கம் அச்சாகி வருவதை எத்தனையோ தடவை மனதில் பார்த்திருந்தேன்.

முதலில் றிஸ்வானிடம் போனேன். சங்கிலி தேயும் என்று டாங்கியின் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டேன். மறுத்துவிட்டார். "ஆக்கள் சனிக்கிழமை பஸ் ஏறி வாற, சங்கிலி எவ்வளவு தேஞ்சிட்டெண்டு கணக்குப் பார்க்கவா?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. கணக்குத் தொடங்கியவுடன் ஆட்கள் கைபேசியை எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் நூலில் வீதிகள் பற்றிய அட்டவணை என் பொறுப்பில் இருந்தது. எந்த வீதியில் எந்த வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று சொல்லும் அட்டவணை. அதில் ஒரு வரி சேர்த்தேன்: தார் வீதியில் சங்கிலி வாகனம் ஓடினால் சேதமடையும். டாங்கியின் பக்கத்தைத் தொடாமலே டாங்கியை நிறுத்திவிடலாம்.

மறுநாள் காலை றிஸ்வான் அதை வாசித்துவிட்டார். தேத்தண்ணிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்து நின்றார். என்னை அவர் இஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார். என் படிப்பு அதற்குக் கீழே என்பது இருவருக்கும் தெரியும்.

"இஞ்சினியர், ஒங்கட லொறி ஓடுறத்துக்கு என்ட டாங்கிய நொண்டியாக்கித்தான் ஆகணுமா?"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். அவர் கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கோபமே இல்லை. அட்டவணையில் இருந்தது தொழில்நுட்பப்படி சரியான வரி என்றேன். "சரிதான். ஆனா டாங்கி நிண்டா ஆக்கள் லொறியத் தேட மாட்டாங்க. புத்தகம் எழுதினவனத்தான் தேடுவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் அந்த வாக்கியத்தில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை. மாலையில் வரியை அழித்தேன். நீங்கள் முதலில் படிக்கவேண்டிய பாடம் இது. மற்றவருடைய வாகனத்தைக் குறைத்து உங்களுடையதை உயர்த்த முடியாது. மேசையில் இருப்பவர்கள் குறைந்ததை மட்டும்தான் காண்பார்கள்.

என் ஊரான குருக்கள்மடத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் வேறு வழி யோசித்துக்கொண்டு வந்தேன். டாங்கி தேயக்கூடாது. நிற்கக்கூடாது. எந்த இலக்கமும் மாறக்கூடாது. அப்படியென்றால் அது போகிற வீதியில் என்ன இருக்கவேண்டும்? அப்போதுதான் மாரி வெள்ளாமை வெட்டும் காலத்தில் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. எங்கள் வயல்வட்டைக்குப் போகும் சந்தியில், தட்டையான தாழ்தளம் கொண்ட ஒரு லோபெட் லொறி நெல் வெட்டும் மெசினை ஏற்றிக்கொண்டு நின்றது. ஊருக்குள் போகும் வீதி புதிதாகத் தார்க் காபெட் போட்டது, ஒடுக்கம். சாரதி மெசினைச் சந்தியில் இறக்கி, அதன் சங்கிலியிலேயே வயல்வரை ஊர விடப் பார்த்தார். வெயிலில் இளகியிருக்கும் புதுத் தாரில் சங்கிலி திரும்பினால் உரித்துக்கொண்டு வரும். ஐந்தாறு பெண்கள் வீதிக்குக் குறுக்கே நின்றார்கள். சத்தம் போடவில்லை. நகரவும் இல்லை. கடைசியில் லொறியே மெசினைச் சுமந்தபடி ஊருக்குள் பின்பக்கமாகப் போனது.

மெசினில் ஒரு குறையும் இருக்கவில்லை. வீதி யாரோ சிலருக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பின்னேரம் மேசை கூடியது. ஜீவிதா படுவான்கரையில் ஒரு வைத்தியசாலையில் தாதி. அவளோடு ஒரு கணித ஆசிரியர், ஒரு வங்கிக்காரர், அந்தக் கணித ஆசிரியரின் தம்பி. றிஸ்வான் யன்னலோரக் கதிரையில், டாங்கியை எழுதியவர் என்ற முறையில் சும்மா பார்க்க வந்திருந்தார். மடிக்கணினிக்குள் பதிப்பகத்துப் பெண். கதை இதுதான்: ஒரு கும்பல் குளத்தின் கதவைப் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரை விற்கிறது. நால்வரும் டாங்கியைக் கொண்டுபோய் அந்தக் கும்பலை விரட்ட வேண்டும். போகும் வழியில் ஓர் ஊர்.

ஊர் வாசலில் ஒரு பெண்ணை நிறுத்தினேன். அவளுக்கு ஆயுதம் இல்லை. அவளுடைய குரலை நான் பேசினேன்.

ஜீவிதா தன் கூட்டத்தின் தலைவியாகப் பேசினாள். "உங்கட வயலுக்கும் சேத்துத்தான் தண்ணி எடுக்கப் போறம்."

"போங்க. ஆரு மறிச்ச? இந்த றோட்டால வேணாம்."

"வேற றோட்டு இல்லயே."

"இது போட்டு இன்னும் ஒரு மாரி காணல்ல. இதுக்கு முதல் புள்ளத்தாச்சியக் கட்டிலில வெச்சுத்தான் தூக்கிப் போன. நீங்க கிழிச்சிப் போட்டுப் போயிருவீங்க. மறுகா நாங்க ஆரக் கேக்கிற?"

வங்கிக்காரர், டாங்கி எங்கள் கையில்தானே இருக்கிறது, வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தால் விலகிவிடுவார்கள் என்றார். ஜீவிதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "வாயப் பொத்துங்க. அந்தப் பொம்புள என்ட அம்மாவ மாதிரிக் கதைக்கிறா."

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கதை நடத்துபவருக்கு அந்த மௌனத்தில் வாய் துடிக்கும். ஏதாவது ஒரு குறிப்புக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். நான் தாயக்கட்டைகளை உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்திருந்தேன்.

"சில்லு றோட்டக் கிழிக்காதே," என்றாள் ஜீவிதா மெதுவாக. "இதை ஏத்துற லொறி ஒண்டு இந்தப் புத்தகத்தில இரிந்திச்சே? எங்க அது?"

பக்கங்கள் புரண்டன. என் கால் பக்கத்தைத் தேடினார்கள். மடிக்கணினிப் பக்கம் நான் பார்க்கவில்லை.

முகாமுக்குப் போய் லொறியை எடுத்தார்கள். ஆனால் அவர்களில் யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது, ஒரு சாரதி வேண்டும். சாரதியை நான் தயார் செய்து வைத்திருந்தேன்: வயது, அனுபவம், திறன்கள், எல்லாம். ஆனால் ஒரே காட்சியில் ஒருவர் இரண்டு குரல் பேசுவதில்லை என்பது எங்கள் மேசையின் வழக்கம். ஊர்ப் பெண்ணின் குரல் என்னிடம் இருந்தது. ஜீவிதா சுற்றிப் பார்த்துவிட்டு, "றிஸ்வான் ஓட்டட்டும். சும்மாதானே இரிக்காரு," என்றாள்.

றிஸ்வான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்தார். டாங்கி சாய்பலகையில் ஏறத் தொடங்கியது. அதை ஓட்டியவர் கணித ஆசிரியர். அவருக்கு அந்த டாங்கியில் பெருமை அதிகம். "டிரைவர் அண்ணே, கவனம். இது ஆரெண்டு தெரியுமா? இது வாற சத்தம் கேட்டா நாயும் குரைக்காது," என்றார். றிஸ்வானின் வரி றிஸ்வானிடமே திரும்பி வந்தது.

றிஸ்வான் கையால் காற்றில் ஒரு கட்டுச் சங்கிலியை இழுத்து இறுக்கினார். ஆசிரியரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"என்ட முதுகில ஏறினாப் புறகு டாங்கி இல்ல தம்பி, சாமான். ஆடாமக் கட்டுங்க."

மேசை முழுவதும் சிரித்தது. மடிக்கணினிக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது.

நான் ஓர் அட்டவணையே போட்டுச் செய்யப் பார்த்ததை அவர் அரை மூச்சில் செய்துவிட்டார். தன் டாங்கியின் மதிப்பைத் தானே இறக்கினார். அதில் அவருக்கு ஒரு நட்டமும் தெரியவில்லை. அவர் இறக்கியபோது யாரும் கோபிக்கவும் இல்லை. லொறி மேசை நடுவில் நிமிர்ந்து நின்றது. என் லொறி. ஒரு வருடமாக நான் அதன் ஒவ்வொரு அச்சையும் எடைபோட்டேன். அது எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முன்பின் அதைத் தொடாத அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த காட்சியை எழுதி வைத்திருந்த தாள் எனக்கு முன்னால் கிடந்தது. ஊரைத் தாண்டியதும் ஒரு தாம்போதி, ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட வீதி. அதன் மேலால் வெள்ளம் பாய்கிறது. லொறியின் மொத்தப் பாரம், அச்சுக்கு அச்சு அது பகிரப்படும் விதம், எந்த வேகத்தில் போனால் கரை உடையும், எல்லாவற்றையும் கணக்கிட்டு எழுதியிருந்தேன். என் படிப்பு முழுவதும் அந்தத் தாளில் இருந்தது. பதிப்பகத்துப் பெண் கேட்கவேண்டும் என்று நான் விரும்பியது அதைத்தான். ஜீவிதாவின் கடைசி பஸ்ஸுக்கு அதிக நேரம் இல்லை. தாம்போதிக்குப் போவதென்றால் அந்த நிமிடமே ஊரைக் கடந்துவிட வேண்டும். 'ஊரைத் தாண்டிவிட்டீர்கள்' என்று நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சாரதியும் வாயை மூடிக்கொண்டு வீதியைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் நால்வரும் சாரதியின் பக்கமாகச் சாய்ந்து இருந்தார்கள். எங்கே பழகினார், எத்தனை டாங்கி சுமந்திருக்கிறார், பயமில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மேசையில் அதற்கு முதல் யாரும் ஒரு லொறிச் சாரதியிடம் கேள்வி கேட்டதில்லை.

தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"டிரைவர், ஊருக்குள்ள முதல் வளைவு வருது. ரெண்டு பக்கமும் மதில். என்ன செய்யிறீங்க?" என்றேன்.

மிச்ச நேரம் முழுவதும் லொறி அந்த ஊரைக் கடந்தது. ஆசிரியரின் தம்பி ஒரு கம்பை எடுத்து மின்கம்பிகளை உயர்த்திப் பிடித்தான். வங்கிக்காரர் வீட்டு வாசல்களிலிருந்த சைக்கிள்களை அப்புறப்படுத்தினார். என் ஊர்ப் பெண் லொறிக்கு முன்னால் நடந்தாள். மதிலில் முட்டினால் கட்டித் தருவாயா என்று அவள் குரலில் நான் கேட்டேன். தேத்தண்ணி தந்தால் கட்டித் தருவேன் என்றார் றிஸ்வான். அவர் கேட்பதற்கு நான் சொன்ன பதில்களும் நன்றாகத்தான் இருந்தன. அதை வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன். டாங்கி முதுகில் கட்டுண்டு கிடந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. ஒருவரும் குளம்வரை போகவில்லை. ஜீவிதா ஓடிப்போய்த்தான் பஸ்ஸைப் பிடித்தாள்.

அடுத்த கிழமை பதிப்பகத்தின் பதில் வந்தது. லொறி அத்தியாயம் இருக்கட்டும். படத்தை முழுப்பக்கமாக்குங்கள், டாங்கியைத் தார்ப்பாயால் மூடி வரையுங்கள். சாரதி சொன்ன வரியைப் படத்துக்குக் கீழே போடுங்கள். அக்கா என்னைக் கூப்பிட்டு அந்த வரி யாருடையது என்று கேட்டார். சனிக்கிழமை அவர் அங்கே இருக்கவில்லை. மேசையில் நடப்பதெல்லாம் கதையை நடத்தியவருடையது என்று எழுதுவதுதான் எங்கள் வழமை, அப்படியே சொல்லியிருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள்.

"றிஸ்வான்ட," என்றேன்.

தாம்போதிக் கணக்கு நூலின் பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் இருக்கிறது. யாராவது பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள்.

உங்களுக்கு விட்டுப்போவதற்கு என்னிடம் இரண்டே விடயங்கள்தான். ஒரு வாகனத்தை ஆட்கள் தேடவேண்டும் என்றால், வாகனத்தைத் திருத்தாதீர்கள். அது போகும் வீதியில், இழப்பதற்கு ஏதாவது உள்ள ஓர் ஆளை நிறுத்துங்கள். மற்றது, உங்கள் மேசையில் வேறொருவர் உங்களைவிட நன்றாக ஒன்று சொன்னால், நீங்கள் தயார் செய்து வந்ததைக் கவிழ்த்து வையுங்கள். பொறாமை அதனால் போய்விடாது. எனக்குப் போகவில்லை. அதை வைத்துக்கொண்டே தாளைக் கவிழ்க்கலாம்.

இப்போதைய நிலைமை இது. நூல் வெளிவந்துவிட்டது. பெயர்ப் பக்கத்தில் றிஸ்வானின் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன. வாசகர்கள் எழுதும்போது சாரதியின் வரியை எழுதுகிறார்கள், நாய் குரைக்காத வரியை இப்போது யாரும் எழுதுவதில்லை. அடுத்த நூலுக்கு றிஸ்வான் லொறிகளைக் கேட்டார், அக்கா கொடுத்துவிட்டார். டாங்கி எனக்கு வந்திருக்கிறது, முழுப்பக்கப் படங்கள் இரண்டோடு. போன சனிக்கிழமை அதைத் தேடி ஒருவரும் வரவில்லை. நீங்கள் இருவரும் திங்கள் முதல் றிஸ்வானோடு வேலை செய்வீர்கள். என் புதிய மேசை யன்னலோரத்தில் இருக்கிறது. நீங்கள் சிரித்தால் எனக்கு அங்கே கேட்கும்.